நிலத்தோடை ஒரு வீடு

அன்று காலையும் தொலைக்காட்சியை யாரும் நிறுத்தவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்து வைத்திருந்தார்கள்.

இலங்கையில் சண்டை முடிந்துவிட்டது என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த வைகாசி மாதம் அது. டென்மார்க்கின் வடக்குக் கரையில், காற்றும் மீன் வாடையும் ஓயாத ஒரு துறைமுக ஊரில், ராசமலர் கணவனுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. வன்னியில் இருந்த அவளுடைய தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அதை நினைத்துப் பார்த்தாள். அதற்கும் வரவில்லை. உப்புப் போட்டோமா இல்லையா என்பது மட்டும் மறந்துபோயிருந்தது.

கூடத்தில் தங்கமலர் தொலைபேசியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கணவனின் தங்கை. தாலி அறுத்தபின் அண்ணனே கதியென்று வந்தவள். அவளுடைய ஒரே மகன் நிருபனும் வன்னிக்குள்தான் இருந்தான். தவக்காலத்தில் ஒருநாள் பேசினான். அதோடு சரி.

"மச்சாள், பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்திலை கொம்யூன்காரரின்ரை கூட்டமாம். நான் ஒருக்காப் போட்டு வாறன்" என்றாள் ராசமலர்.

தங்கமலர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இண்டைக்கோ? அங்கை சனம் செத்துக் கிடக்குது... உமக்குக் கூட்டம் கேக்குதோ?"

"வயசு போன ஆக்களுக்கு வீடு கட்டுற கதை மச்சாள். நிலத்தோடை சேர்ந்த வீடு. இவரை வெளியிலை கொண்டுபோய் எவ்வளவு காலமாச்சு..."

"ஆர் அதுக்குக் காரணம்? மாடி வீடுதான் வேணும், கடல் பாக்கவேணும் எண்டு நிண்டனீர் நீர்தானே! அண்ணையே சொன்னவர். இப்ப அந்த மனுசன் படியிறங்க ஏலாமல் கிடக்குது!"

ராசமலர் அடுப்பை அணைத்தாள். சாய்மனைக் கதிரையில் கிடந்த கணவன் ஸ்ரனிஸ்லாசை மட்டும் ஒருமுறை பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து வலதுகை விழுந்துவிட்டது. நாக்கும் பாதி விழுந்துவிட்டது. காது மட்டும் நன்றாகக் கேட்கும். இந்தக் குற்றச்சாட்டும் கேட்டிருக்கும்.

நல்ல காலத்தில் அவர் இலேசான ஆள் இல்லை. ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர். ஒவ்வொரு வருடமும் பொங்கல் விழாவுக்குக் கொம்யூன் எனும் ஊராட்சி அலுவலகத்திலிருந்து கிர்ஸ்டன் என்ற அம்மா வருவாள். முதியோருக்கு என்ன வசதி தேவைப்படும் என்று திட்டம் போடுவதுதான் அவளுக்கு வேலை. சோற்றைச் சுவைத்துச் சாப்பிட்டுவிட்டு, உங்களுக்கு வயதானால் எத்தனை வீடு வேண்டியிருக்கும் என்று கேட்பாள். ஸ்ரனிஸ்லாஸ் எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, "நன்றி, எங்களுக்கு ஒன்றும் வேண்டாம். சண்டை முடிந்ததும் நாங்கள் ஊருக்குப் போய்விடுவோம்" என்பார். மண்டபமே கைதட்டும். ராசமலரும் தட்டியிருக்கிறாள். அந்தக் கைதட்டலை நம்பித்தான் கொம்யூன் தன் கணக்கில் தமிழர்களைச் சேர்க்காமல் விட்டது. கேட்டவள் மேல் என்ன பிழை?

ஓகூஸ் நகரில் வேலை செய்யும் மகன் சுகந்தன் அந்த வாரம் வந்திருந்தான். தலைநகரில் சண்டையை நிறுத்தச் சொல்லி வீதி வீதியாக நின்று கத்தி, தொண்டை கட்டிப்போய் வந்து படுத்திருந்தான். தாய் எங்கே போகிறாள் என்று அவனும் கேட்கவில்லை.

மண்டபத்தில் கூட்டம் குறைவு. டெனிஷ் கிழவர்கள் சிலர் முன்வரிசையில் இருந்தார்கள். தமிழர்கள் ஒருசிலர், செத்தவீட்டுக்கு வந்தவர்கள்போலப் பின்சுவரோடு நின்றார்கள். கிர்ஸ்டன் விளக்கினாள். வீடு கட்ட வாங்கும் கடனுக்கு அரசு பொறுப்பு நிற்கும். ஆனால் முதலில் கொம்யூன் தன் பங்கைப் போடவேண்டும். அந்தப் பங்கு இம்முறை ஒரு ஊருக்குத்தான் போதும். இங்கே கட்டலாம், இல்லாவிட்டால் தெற்கே உள்ள பெரிய ஊரில் கட்டலாம்.

கொம்யூன் சபை உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "இளம் ஆட்கள் எல்லாரும் ஓகூசுக்குப் போகிறார்கள். தமிழர்கள் தங்கள் நாட்டுக்குப் போகப்போகிறார்கள். சண்டையும் முடிந்துவிட்டதே! ஆளில்லாத ஊரில் யாருக்கு வீடு?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தமிழர்களே சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னார்.

ராசமலர் எழுந்து நின்றாள். எழுந்தபிறகுதான், தான் எழுந்தது அவளுக்கே தெரிந்தது. மீன் தொழிற்சாலையில் கற்ற டெனிஷில் சொன்னாள்:

"நாங்கள் போகவில்லை. போவதற்கு இடம் இல்லை. நாங்கள் இங்கேதான் கிழடாகிறோம். எங்களையும் சேர்த்து எண்ணுங்கள்."

பின்சுவரோடு நின்றவர்களில் ஒருவர் விறுவிறுவென்று வெளியே போனார். கதவு அடித்துச் சாத்திய சத்தம் ராசமலருக்குக் கேட்டது. வேறொன்றும் தோன்றவில்லை.

அவள் வீடு வந்து சேருமுன்னே சேதி வந்து சேர்ந்துவிட்டது. இந்த ஊரில் அது புதிதில்லை.

"நாங்கள் போகேல்லை எண்டு சொன்னனீங்களோ? வெள்ளைக்காரருக்கு முன்னாலை... இந்தக் கிழமையிலை!" சுகந்தனின் குரல் உடைந்து வந்தது. "அப்பா இவ்வளவு காலமாச் சொல்லி வந்த சொல்லு அம்மா அது! ஒரு வீட்டுக்காக எல்லாத்தையும் புதைச்சிட்டு வந்திட்டியள்!"

தங்கமலர் அழவில்லை. எழுந்து வந்து ராசமலரின் முகத்துக்கு நேரே நின்றாள்.

"போக இடமில்லையோ? அப்ப என்ரை பிள்ளை...? அவன் எங்கை நிண்டு என்னைத் தேடுவான்? நீர் சொன்னது, அவன் இல்லையெண்ட மாதிரியெல்லோ!"

"மச்சாள், நான் அப்பிடி..."

"என்னோடை கதையாதையும்!"

அது நியாயமான கோபம் என்று ராசமலருக்குத் தெரியும். கஞ்சிக் கிண்ணத்தோடு கணவனிடம் போனாள். கரண்டியை வாயருகே கொண்டுபோனதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவருமா...!

அடுத்துவந்த நாட்களில் அந்த வீட்டில் நால்வர் இருந்தும் பேச்சு இல்லை. ராசமலர் சமைத்தாள், துடைத்தாள், கணவனைக் கழுவித் துணி மாற்றினாள். அவள் கையால் அவர் சாப்பிட மறுத்தார். தங்கமலர் ஊட்டினாள். அதைப் பார்க்க நெஞ்சு வலிக்கவேண்டும் என்று ராசமலர் எதிர்பார்த்தாள். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது.

மறுவாரம் கிர்ஸ்டன் படியேறி வந்தாள். மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தாள். சபை இரண்டாகப் பிரிந்து நிற்கிறதாம். தமிழர்களின் தலைவர் எப்போதும் வேறு மாதிரியல்லவா சொன்னார், ஒரு பெண் சொன்னால் போதுமா என்று சிலர் கேட்கிறார்களாம். நாளைக்கு முடிவெடுக்கப் போகிறார்கள். அதனால் அவரிடமே நேரில் கேட்க வந்திருக்கிறாள்.

சுகந்தன் தகப்பன் பக்கத்தில் குந்தினான். "அப்பா, சொல்லுங்கோ. நாங்கள் போறம் எண்டு சொல்லுங்கோ."

ஸ்ரனிஸ்லாஸ் இடதுகையால் மகனை ஒதுக்கினார். வாய் கோணியது. எச்சில் வழிந்தது. ராசமலர் பழக்கதோஷத்தில் துடைக்கப் போனாள். இந்த முறை அவர் முகத்தைத் திருப்பவில்லை. கிர்ஸ்டனைப் பார்த்து, டெனிஷில், நாக்கு புரண்டு புரண்டு சொன்னார்:

"நாங்கள்... இருக்கிறோம்."

பிறகு தமிழுக்கு வந்தார். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து வெளியே போட்டார்.

"இவள்... கேட்டவள். அப்பவே. துறைமுகத்துக்குப் பக்கத்திலை... நிலத்தோடை ஒரு வீடு. கும்பிட்டுக் கேட்டவள். நான்தான்... போகப்போறவனுக்கு என்னத்துக்கு வீடு எண்டு..."

தங்கமலர் எழுந்துவிட்டாள். "அண்ணை! மாடி வீடு மச்சாளுக்குத்தான் விருப்பம் எண்டு நீங்கள்தானே..."

"பொய். ஏன் மாடியிலை எண்டு சனம் கேக்குமெண்டு... பழியை அவளிலை போட்டன்." அவர் கண்ணிலிருந்து நீர் ஓடியது. "அவள் ஒண்டும் சொல்லேல்லை. இப்பவும்... சொல்லேல்லை. அவளின்ரை கையாலை தின்ன எனக்கு... வெக்கமாக் கிடந்தது."

கோபம் இல்லை... வெட்கம்! இத்தனை நாளும் ராசமலர் அதைக் கோபம் என்றல்லவா எண்ணியிருந்தாள்.

சுகந்தன் அப்படியே தாயின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "ஏனம்மா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை? இவ்வளவு காலமும் மாமி உங்களைப் பேசேக்கை நானும் கேட்டுக்கொண்டெல்லோ இருந்தனான்! என்னை மன்னிச்சிடுங்கோ..."

அவன் தலையில் கை வைத்தாள்.

கிர்ஸ்டனுக்குத் தமிழ் விளங்காது. தகப்பனும் மகனும் அழுவதைப் பார்த்துத் தயங்கித் தயங்கி, அப்படியானால் இந்த வீட்டிலிருந்து எத்தனை வீடு கேட்பதாகச் சபையில் சொல்லட்டும் என்று கேட்டாள்.

ஸ்ரனிஸ்லாஸ் இடதுகையில் இரண்டு விரலை நிமிர்த்தினார். ஒன்று தனக்கும் மனைவிக்கும். மற்றதைத் தங்கை பக்கம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம்!" தங்கமலர் சுவரோடு ஒட்டினாள். "நான் எடுத்தனெண்டா... நான் போகமாட்டன் எண்டெல்லோ அர்த்தம்? பிள்ளை வந்து தேடினா...?"

ராசமலர் எழுந்து போனாள். இத்தனை வருடம் ஏச்சு வாங்கிய முகத்தோடு, ஏசியவளின் இரண்டு கையையும் பிடித்தாள்.

"வரட்டும் மச்சாள். வரவேண்டாமெண்டு ஆர் சொன்னது? வாறவனுக்கு வந்து தட்டுறதுக்கு ஒரு கதவு வேணுமெல்லோ. அண்ணன் வீட்டு மூலையிலை கிடக்கிற தாயைத் தேடியோ அவன் வரவேணும்? அவன்ரை தாய்க்கெண்டு ஒரு வீடு இருக்கட்டும்."

தங்கமலர் அவளையே பார்த்தாள். பிறகு ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்லமுடியாது. ராசமலரின் தோளில் விழுந்தாள். "மச்சாள்... உம்மைப் போட்டு நான் என்ன பேச்செல்லாம் பேசினன்... என்ரை மச்சாள்..." ராசமலர் அவளை இறுக்கி அணைத்துக்கொண்டு நின்றாள். ராசமலரின் கண் மட்டும் இன்னும் காய்ந்தே இருந்தது.

வெகுநேரம் கழித்துத் தங்கமலர் முகத்தை நிமிர்த்தினாள். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு சுகந்தனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அந்த அம்மாட்டைக் கேள். என்ரை வீட்டிலை ஒரு அறை கூடுதலா இருக்குமோ எண்டு. நிருபனுக்குத் தனியாப் படுத்தாத்தான் நித்திரை வரும்."

சுகந்தன் தாயைப் பார்த்தான். ராசமலர் தலையசைத்தாள். அவன் ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தான். மகன் எப்போது வருகிறார் என்று கிர்ஸ்டன் சிரித்த முகத்தோடு திருப்பிக் கேட்டாள்.

அப்போதுதான் ராசமலர் அழத் தொடங்கினாள்.