வியாழக்கிழமை வந்தவன்

தங்கையின் கடிதத்தில் மூன்றாவது வரியிலேயே அது இருந்தது: ‘போன வியாழக்கிழமை நீ வந்துட்டுப் போனதுல இருந்து அப்பா தனியா உக்காந்து சிரிச்சுக்கிட்டே இருக்கார்.’

அவன் அந்த வரியை மறுபடி படித்தான். பயிற்சி முகாமுக்கு வந்து பதினோரு வாரமாகிறது; முள்வேலிக்கு வெளியே ஒருமுறைகூடப் போனதில்லை. அந்த வியாழக்கிழமை முழுவதும், துப்பாக்கியைச் சரியாகத் துடைக்காத குற்றத்துக்காகக் கழிவறைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். விரலிடுக்கில் பினாயில் அரித்த தோல் இன்னும் ஆறவில்லை.

கடிதம் சாதாரணமாகத்தான் தொடர்ந்தது. ‘நான் ஆலையில இருந்து வர்றதுக்குள்ள கிளம்பிட்டியாமே? ஒரு மணி நேரம் இருந்தா குறைஞ்சா போயிடுவ?’

“கிண்டல் பண்றாடா,” என்றான் பக்கத்துக் கட்டில்காரன். ஆறடி உயரம், அரையடி அகலம்; முகாமே அவனை ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடும். “நீ லீவுல வரலேங்கற கோவம்.”

அவள் கிண்டல் செய்கிறவள் அல்ல. காயக்கட்டுத் துணி நெய்யும் ஆலையில் பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, அம்மா இல்லாத வீட்டில் சமைத்துப்போட்டு, மிச்சமிருக்கும் நேரத்தில் தூக்கத்தோடு எழுதுகிறவள். அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிய மருத்துவர் போர்முனைக்குப் போய்விட்டார். இப்போது அப்பாவுக்கு வெளிச்சமும் நிழலும் குரலும் மட்டும்தான். யாரோ ஒருவன் அவரை ஏமாற்றியிருக்கிறான்.

அன்றே எழுதிப்போட்டான்: ‘நான் வரவே இல்லை. யார் வந்து என் பெயரைச் சொன்னாலும் கதவைத் திறக்காதே.’

கடிதம் போக ஒன்பது நாள், பதில் வர ஒன்பது நாள். ஓடினான், தவழ்ந்தான், வைக்கோல் மூட்டையைக் கத்தியால் குத்தினான். தபால்காரரின் விசிலுக்குக் காதை எப்போதும் தீட்டியபடியே இருந்தான். பதினெட்டாம் நாள் பதில் வந்தது.

‘அண்ணா, உன் கடிதம் வந்தப்ப அவன் கூடத்துலதான் உக்காந்திருந்தான். உன் முகம்தான். உன் குரல்தான். ஆனா’

அதற்குப் பிறகு கறுப்பு மை. ஏழு வரிகள். வீரர்களின் மனதைக் கலைக்கும் எதையும் தணிக்கை அறையில் அடித்துவிடுவார்கள். உச்சிவெயிலில் தாளைத் தூக்கிப் பிடித்துக் கண்ணில் நீர் வழிய உற்றுப் பார்த்தான். இரண்டே சொற்கள்தான் தேறின. ‘இமைக்கவே’ என்று ஓரிடத்தில். ‘ஈரம்’ என்று இன்னோரிடத்தில். கடைசி வரியை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்: ‘சொன்னா அப்பா என்னைத்தான் திட்டறார். இனிமே அவன் இங்கேயே இருக்கப் போறானாம்.’

சார்ஜென்ட் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுப் பல்லிடுக்கில் குச்சியால் குத்திக்கொண்டார். “உங்க வீட்டுல நீயே இருக்கறதால, உனக்கு லீவு வேணுமா?”

“சார், அது நான் இல்ல சார்!”

“அப்ப நல்லதுதானடா. ஒருத்தன் வீட்டப் பாத்துக்கறான், ஒருத்தன் நாட்டப் பாத்துக்கறான். போய் மைதானத்தப் பத்து சுத்து சுத்து.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பத்துச் சுற்று ஓடினான். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எதிர்வீட்டு நர்சம்மாவுக்கு எழுதினான். அந்தப் பதிலுக்கும் பதினெட்டு நாள் போனது. ‘உன்னைத்தான் தினமும் வாசலில் பார்க்கிறேனே தம்பி, எதற்குக் கடிதம்?’

அதே தபாலில் தங்கையின் கடிதமும் வந்தது. இரண்டு பக்கம். ‘அன்புள்ள அண்ணா’ என்பதைத் தவிர முழுவதும் கறுப்பு.

தணிக்கை அறைக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தான். ஜன்னல் இல்லாத அறை. பழைய காகித வாசமும் மை வாசமும் மூக்கை அடைத்தன. மூக்குக்கண்ணாடி போட்ட எழுத்தர் தலை நிமிராமல், “வெளிய போ,” என்றார்.

“இத அடிச்சது நீங்கதானே? அப்ப படிச்சிருப்பீங்க. என்ன எழுதியிருந்தா?”

எழுத்தரின் பேனா நின்றது. தாளை அடையாளம் கண்டுகொண்டார். முகம் வெளிறியது.

“வேணாம் தம்பி.”

“என் தங்கச்சி சார். என் அப்பா.”

“மேலிடத்து உத்தரவுக்காக அடிக்கல. உனக்காகத்தான் அடிச்சேன்.” குரல் தாழ்ந்தது. “படிச்ச நாள்ல இருந்து என் வீட்டுக் கதவ யார் தட்டினாலும் நான் திறக்கறதில்ல. போயிடு.”

மறுநாள் முகாமையே காலி செய்தார்கள். போர்முனைக்கு ரயில். எந்த வழி, எந்த நாள் என்று யாருக்கும் சொல்லவில்லை, எழுதவும் விடவில்லை. பெட்டிக்கு எண்பது பேர். வெளிப்பக்கம் பூட்டிய கதவுகள், கம்பி போட்ட ஜன்னல்கள், வியர்வை, துப்பாக்கி எண்ணெய். இரண்டாம் நாள் நண்பகலில் வேகம் குறைந்தது. தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. சிமெண்ட் கிடங்கு தெரிந்தது.

அவனுடைய ஊர். ரயில் நின்றது.

“சார், அஞ்சே நிமிஷம்! கதவத் திறங்க சார்!”

“இறங்கறவனச் சுட உத்தரவு இருக்கு,” என்றார் சார்ஜென்ட். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கம்பியில் முகத்தை அழுத்தினான். நடைமேடை காலியாகக் கிடந்தது. வெயில். ஒரு விளக்குக் கம்பம். அதனடியில் மூன்று பேர்.

அப்பா. தங்கை. நடுவில் ஒருவன்.

அப்பாவின் கை அவன் தோள்மேல் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தங்கையின் மணிக்கட்டு அவன் பிடியில் இருந்தது. அவள் பாதி இளைத்திருந்தாள். மூன்று பேரும் எந்த ஜன்னலையும் தேடவில்லை. இவனுடைய ஜன்னலுக்கு நேராகத்தான் நின்றார்கள்.

ஒட்டடைக்குச்சி எட்டிப் பார்த்தான். இவனைப் பார்த்தான். மறுபடி வெளியே பார்த்தான். பிறகு பெட்டியின் மறுகோடிக்கு நகர்ந்துவிட்டான்.

நண்பகல் வெயில் முகத்தில் அடித்தும் நடுவில் நின்றதன் கண்கள் இமைக்கவில்லை. காய்ந்த நடைமேடையில் அதன் காலடி மட்டும் நனைந்திருந்தது.

ரயில் அசைந்தது.

“அப்பா!” அடிவயிற்றிலிருந்து கத்தினான். “அப்பா!”

அங்கே அதன் வாய் திறந்து மூடியது. அதே நேரத்தில். அதே வடிவில்.

அப்பா ரயில் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில் நின்றவன் பக்கம் தலையைச் சாய்த்தார். “என்னடா கண்ணு?” என்று உதடுகள் அசைந்தன.

இவன் கத்தினான். கத்திக்கொண்டே இருந்தான். நடைமேடை பின்னால் நழுவியது. தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். இவன் கத்தக் கத்த, அங்கே அந்த வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அப்பா அதன் கன்னத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.