குழிக்குப் போன உப்பு

பெரிய பெட்டை மீனின் முதுகில் ஒரு கறை தெரிந்தது.

காலைத் தீனி போட வந்த சில்வியா, கண்ணாடியில் பாசி படிந்துதான் அப்படித் தெரிகிறது என்று நினைத்து முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். கறை கண்ணாடியில் இல்லை. பழுத்த ஆரஞ்சு நிறத்தில் இருந்த மீனின் முதுகில், கத்தரிப்பூ நிறத்தில், யாரோ கட்டைவிரலால் அழுத்திவிட்டுப் போன மாதிரி இருந்தது. முதுகுத் துடுப்பில் ஒரு முள் மட்டும் நூலாக நீண்டிருந்தது.

அந்தத் தொட்டி அவள் கணவன் மரிய ஆனந்தின் பைத்தியம். காரிமங்கலத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவன். குடிதண்ணீருக்கே குழாயடியில் சண்டை நடக்கிற ஊரில், மனுஷன் வீட்டுக்குள் கடல் வைத்துக்கொண்டான். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் அதற்கென்று உப்பு மூட்டை வரும். வடிகட்டிய தண்ணீரில் அதைக் கரைப்பான். பழைய ஏ.சி.யைப் பிரித்து அவனே செய்த மெஷின் தண்ணீரைக் குளிர வைக்கும். அதில் ஆந்தியாஸ் என்ற மீன்களை விட்டிருந்தான். ஓர் ஆண், அதன் பின்னால் ஒரு கும்பல் பெட்டைகள். நாளுக்கு நாலைந்து வேளை தீனி போடாவிட்டால் வாடிப்போகும் ஜமீன் வீட்டு மீன்கள். கட்டினவள் சாப்பிட்டாளா என்று கேட்க மறந்தாலும், மீன் சாப்பிட்டதா என்று போன் பண்ண மறக்கமாட்டான். "உங்க சம்சாரமெல்லாம் நல்லாத்தான் தின்னாளுங்க" என்பாள் அவளும். அந்தப் பக்கம் அவன் சிரிப்பதைக் கேட்கத்தான் அப்படிச் சொல்வது.

போன மாதம் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அவன் பைக்கின் மேல் லாரி ஏறிவிட்டது. சாவு வீட்டுக் களேபரத்தில் மீன்களுக்கு யார் தீனி போடுவது? ஆண் மீன் செத்து மிதந்தது. மற்றவற்றைச் சில்வியா பிழைக்க வைத்தாள். அழுதுகொண்டேதான் தீனி போட்டாள், அழுதுகொண்டேதான் வாராவாரம் பழைய தண்ணீரில் கொஞ்சத்தை இறைத்துவிட்டுப் புது உப்புத் தண்ணீர் ஊற்றினாள். அவை போய்விட்டால் அவன் மறுபடியும் செத்துப்போவான் என்று அவளுக்குத் தோன்றியது. அவனுடையது என்று அவளுக்கு மிஞ்சியவை அந்தத் தொட்டியும் ஒன்றாவது படிக்கும் மகள் ஆக்சிலியாவும்தான்.

கறையைப் பார்த்து அவள் பயப்படவில்லை. ஒருநாள் தொட்டி முன்னால் உட்கார்ந்து அவன் சொல்லியிருந்தான்: "இதுங்க எல்லாம் பொட்டையாவே பொறக்கும் சில்வி. ஆம்பள செத்துட்டா வெளியில இருந்து வராது. இருக்கறதுலயே பெருசு எதுவோ, அது ஆம்பளயா மாறிக்கும்." கதை விடுகிறான் என்று அன்றைக்கு நினைத்தாள். இப்போது கண்ணெதிரே நடந்தது. கத்தரிப்பூ நிறம் முதுகிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது.

ஆனால் அந்த மீன் கூட்டத்தோடு சேரவில்லை. பம்ப்பின் உறுமலும் நீர்க்குமிழிகளின் சலசலப்பும் கேட்கும் தொட்டியின் இடதுமூலையில், கூடத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. சில்வியா அடுப்படிக்குப் போனால் அந்தப் பக்கம் திரும்பும், குழந்தையிடம் போனால் குழந்தையின் பக்கம் திரும்பும். கூடத்தில் ஈர மண் வாடையும் மெழுகுவர்த்தி அணைந்த வாடையும் லேசாக அடிக்கத் தொடங்கின.

பிறகு இருமல் கேட்டது. ஆனந்துக்கு வெல்டிங் புகையால் வந்த வறட்டு இருமல் உண்டு. சின்னதாய் இரண்டு வரும், கொஞ்சம் நின்று பெரிதாய் ஒன்று வரும். துணி மடித்துக்கொண்டிருந்த சில்வியா, பக்கத்து அறையில் அதைக் கேட்டதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினாள். கட்டிலும் பீரோவும்தான் இருந்தன. அவள் ஓடியது பயத்தில் அல்ல, ஆசையில்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சவரி வந்தார். ஆனந்தின் சித்தப்பா, அடக்க வேலையெல்லாம் முன்னால் நின்று பார்த்தவர். சில்வியா வாளியில் உப்புக் கரைத்துக்கொண்டிருந்தாள். காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர், அந்த உப்பு மூட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்தார்.

"இது எப்படிம்மா திரும்பி வந்துச்சு?"

அவளுக்குப் புரியவில்லை. அவர்கள் பக்கத்தில் பெட்டியை இறக்கும் முன் குழியில் உப்புக் கொட்டுவது வழக்கம். அன்று மழையில் கடை எதுவும் திறக்கவில்லை, யாரோ ஒரு பையன் ஓடிவந்து தொட்டியோரம் இருந்த மூட்டையைத் தூக்கிப் போனான், பாதியைக் குழியில் கொட்டினார்கள் என்று சவரி சொன்னார். மிச்சத்தை அங்கேயே போட்டுவிட்டு வரச் சொன்னாராம். ஆனந்த் பார்த்துப் பார்த்து வாங்கிய உப்பாச்சே என்று எவனோ திரும்பக் கொண்டுவந்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

"குழிக்குப் போனது வூட்டுக்குத் திரும்பக் கூடாதும்மா. தண்ணி பூரா எறச்சு வெளிய ஊத்திரு. மீனு போனாப் போவுது."

சரிங்க மாமா என்றாள். அவர் தலை தெருமுனையில் மறைகிற வரைக்கும் வாசலில் நின்றாள். பின்பு உள்ளே வந்து மூட்டையின் அடியில் இருந்த உப்பையும் ஒரு கல் விடாமல் உதறி, வாளியில் கரைத்து, தொட்டியில் ஊற்றினாள். பயந்துதான் ஊற்றினாள், ஆனாலும் நிறுத்தவில்லை. எப்படியாவது வரட்டும், என்ன ரூபத்திலாவது வரட்டும், ஒரு தடவை முகத்தைப் பார்த்தால் போதும் என்று வாய்விட்டே சொன்னாள். கத்தரிப்பூ நிற மீன் கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆக்சிலியா டியூஷனுக்குப் போயிருந்தாள். கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் தொட்டி விளக்கு மட்டும் நீலமாக எரிந்தது, அந்த வெளிச்சம் சுவரில் அலைந்து, ஆணியில் மாட்டியிருந்த அவனுடைய சட்டை மூச்சு விடுவது போலக் காட்டியது. சில்வியா அவனுக்குப் பிடித்த புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஈர மண் வாடை இப்போது வீடு முழுக்க இருந்தது.

இருமல் கேட்டது. அடுப்படியில் என்று நினைத்துப் போனாள். இல்லை. படுக்கையறைக்குப் போனாள். மறுபடி இருமல், மிகப் பக்கத்தில், காதோரத்தில் கேட்பது போல.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

அறையில் யாரும் இல்லை. மறுபடி இருமல்.

தொண்டை எரிந்தது. அவள் தொண்டை.

கையை வாயில் வைத்தாள். உள்ளங்கை கரடுமுரடாக இருந்தது, ஸ்பேனர் பிடித்துக் காய்த்த கை. கழுத்தைத் தொட்டாள். குரல்வளை முண்டாகத் தட்டுப்பட்டது. பதறிப்போய்க் கையை எடுத்தாள். புடவை தோளில் இறுக்கிப் பிடித்தது. பீரோக் கண்ணாடிக்குப் போகக் கால் வரவில்லை. போகக் கூடாது. பார்க்கக் கூடாது. தொட்டிக்கு ஓடினாள்.

தான் வளர்த்த பெரிய பெட்டையைத் தேடினாள். அது அதே இடத்தில்தான் இருந்தது. முழுக்க நிறம் மாறி நின்றது. மற்ற பெட்டைகள் அதன் பின்னால் சாதுவாக வரிசை கட்டியிருந்தன. அவளுக்குத் தெரிந்த அந்த ஆரஞ்சு மீன் அதில் எங்கும் இல்லை.

வாசலில் ஆட்டோ நின்றது. சத்தம் கேட்டுச் சில்வியா வாசற்படிக்கு வந்தாள்.

ஆக்சிலியா பையோடு இறங்கினாள். வாசற்படியைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். அடக்கத்துக்குப் பிறகு சிரிப்பையே மறந்திருந்த பிள்ளை. பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அப்பா."

சில்வியா சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். வந்துவிட்டான் என்று நெஞ்சு குதித்தது. பின்னால் ஒருவரும் இல்லை. குழந்தை அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு வயிற்றில் முகம் புதைத்திருந்தது.

"நீ வருவேன்னு எனக்குத் தெரியும்ப்பா. அம்மா எங்க? அம்மாகிட்ட சொல்லணும்."

"அம்மா இங்கதான் சாமி இருக்கேன்."

குழந்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. கையை விடுவித்துக்கொண்டு, அம்மா, அப்பா வந்துருச்சு என்று கத்தியபடி உள்ளே ஓடியது. அடுப்படியில் கூப்பிட்டது. படுக்கையறையில் கூப்பிட்டது. கட்டிலுக்கு அடியில் குனிந்து கூப்பிட்டது. பின்கதவு திறக்கும் சத்தம். கிணற்றடியில் கூப்பிட்டது. அம்மா. அம்மா. முதலில் குரலில் இருந்த சந்தோஷம் குறைந்தது. பிறகு பயந்தது. பிறகு அழுகையாயிற்று.

ஒவ்வொரு தடவைக்கும் சில்வியா வாசற்படியில் நின்றபடி பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.