இரண்டாவது எடை

கருமாதி முடிந்த கையோடு வேம்பு மில்லுக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருந்தால் என்ன, மில்லில் இருந்தால் என்ன என்றுதான் இருந்தது அவளுக்கு. நீடாமங்கலம் தாண்டி வயல்களுக்கு நடுவே நிற்கும் அந்த ரைஸ் மில்லில் வண்டி எடை போடும் அறை அவளுடையது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே இரும்புத் தகடு பதித்த எடைமேடை. மேடைக்கு அந்தப் பக்கம் நெல் கொட்டுகிற குழி.

அந்தக் குழியில்தான் அவள் புருஷன் தங்கையன் செத்தான். டிராக்டரில் குறுவை நெல் ஏற்றி வந்தவன். அவள்தான் எடை போட்டு உள்ளே அனுப்பினாள். ஈர நெல் கட்டிதட்டி அடியில் இறங்காமல் நிற்கிறதென்று குழிக்குள் இறங்கி மிதித்தான். கட்டி உடைந்தது. கீழே ஓடிக்கொண்டிருந்த மிஷின் நெல்லோடு அவனையும் உள்ளே இழுத்துக்கொண்டது. தூக்கி எடுத்தபோது வாய் நிறைய நெல்.

அன்றைக்கு அவள் அழவில்லை. அப்புறமும் அழவில்லை. சோறு வடிக்கும்போது கையில் கஞ்சி கொட்டியதுகூட, தோல் வழன்றதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. "இப்படி மரத்துப்போயிட்டாளே" என்று மாமியார் சொன்னது காதில் விழுந்தது. யாரைச் சொல்கிறாள் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்துவிட்டது. புயல் என்பதால் லோடு எதுவும் வரவில்லை. மில்லின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஜேசுராஜ் மட்டும் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார். ஆபீஸ் பள்ளத்தில் இருக்கிறது. வெள்ளம் புகுந்தால் சர்வர் முழுகிவிடும். அதற்குள் எல்லாவற்றையும் காப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் அவர் நனைந்துகொண்டே எடை அறைக்கு ஓடிவந்தார்.

"ஏம்மா, எடை ஃபைலை மூடுங்க. அது திறந்து கெடக்கறதால காப்பி விழ மாட்டேங்குது."

"நான் இப்பதான் சார் வர்றேன். கம்ப்யூட்டரையே இன்னும் போடலை."

திரை கறுப்பாகத்தான் கிடந்தது. அவரும் பார்த்தார்.

"இந்த மிஷின்லேர்ந்துதான் திறந்திருக்குன்னு சர்வர்ல காட்டுது." குரல் இறங்கிவிட்டது. "அங்கேர்ந்தே துண்டிச்சுப் பார்த்தேன். துண்டிச்ச மறுநிமிஷம் திரும்ப வந்து ஒட்டிக்குது. சம்பவம் நடந்த அன்னையிலேர்ந்து ஒரு காப்பியும் விழலைம்மா."

"கேபிளைப் புடுங்கிட்டா?"

"எழுதிக்கிட்டு இருக்கப்ப அறுந்துச்சுன்னா ஃபைல் மொத்தமும் கெட்டுடும். இந்தப் போகத்துல நெல்லு போட்ட அத்தனை பேரு எடையும் அதுலதான் இருக்கு. யாரு எவ்வளவு போட்டாங்கன்னு சொல்ல ஒண்ணும் இருக்காது."

வேம்பு கம்ப்யூட்டரைப் போட்டாள்.

ஒரே ஒரு வரி முடியாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. டிரைவர்: தங்கையன். முதல் எடை இருந்தது. இரண்டாவது எடை காலி. ஏற்றிவந்த வண்டியை ஒரு தடவை, நெல்லைக் கொட்டிவிட்டு வெளியே போகிற வண்டியை ஒரு தடவை. இரண்டும் விழுந்தால்தான் பதிவு மூடும். அன்றைக்கு இருந்த களேபரத்தில் டிராக்டரைப் பின்வாசல் வழியாக யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அழிச்சிடுங்கம்மா."

அழுத்தினாள். அழியவில்லை.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. ஈர நெல் புழுங்குகிற வாடை. அதோடு டீசல்.

வெளியே இரும்புத் தகடு அதிர்ந்தது. முன்சக்கரம் ஏறுகிற சத்தம். பிறகு பின்சக்கரம். பிறகு டிரெய்லர்.

திரையில் எடை ஏறிக்கொண்டே போய் நின்றது. காலி டிராக்டரின் எடை.

மேடையில் ஒன்றுமில்லை.

ஆனால் மழை தகட்டில் விழவில்லை. ஆள் உயரத்தில் எதன்மேலோ பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது.

"சேசுவே..." ஜேசுராஜின் கை நெற்றிக்குப் போனது. சிலுவை போட்டு முடிக்காமல் பாதியிலேயே நின்றுவிட்டது.

வேம்பு ஜன்னலைப் பார்த்தாள். பயம் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. எடைச் சீட்டுக்காக டிரைவர்கள் முழங்கை ஊன்றி நிற்கிற ஜன்னல் கட்டை. அதில் ஒரு நெல்மணி விழுந்தது. ஈரமாக. பிறகு இன்னொன்று. வாயில் நெல்லை வைத்துக்கொண்டு யாரோ பேசப் பார்க்கிற மாதிரி, விட்டு விட்டு விழுந்தது.

அழுத்தினால் பதிவு மூடிவிடும். அவள் விரல் பொத்தானின் மேல் அப்படியே கிடந்தது. அது தன் விரல்தானா என்றே தெரியவில்லை.

"அழுத்துங்கம்மா," ஜேசுராஜ் கிசுகிசுத்தார். "புண்ணியமாப் போவும்."

அழுத்தினாள்.

இரண்டாவது எடை விழுந்தது. மினுக்கல் நின்றது. தகடு மறுபடி அதிர்ந்தது. எடை சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது. மழை இப்போது மேடையில் விழுந்தது.

காலையில் அவன் வண்டி எடுக்கும்போதெல்லாம் வாசலில் நின்று சொல்வதுதான். யோசிக்காமலே அவள் வாயிலிருந்து வந்தது.

"போயிட்டு வாங்க."

ஜேசுராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஆபீஸுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது பை தோளில் இருந்தது.

"காப்பி விழுந்துடுச்சும்மா. எல்லார் எடையும் வந்துடுச்சு. சர்வரையும் நிறுத்திட்டேன். நீங்களும் கெளம்புங்க, இங்க இருக்க வேணாம்."

அவர் பைக் சத்தம் ரோட்டில் தேய்ந்து மறைகிற வரைக்கும் அவள் உட்கார்ந்திருந்தாள். பிறகு கம்ப்யூட்டரை நிறுத்தினாள். மெயின் சுவிட்சை இறக்கினாள். கதவைச் சாத்திப் பூட்டும்போது முதுகுக்குப் பின்னால் தகடு லேசாக அசைந்தது. இந்தத் தடவை சக்கரம் ஏறுகிற அதிர்வு இல்லை.

பூட்டிய அறைக்குள் வெளிச்சம் வந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கரண்டு இல்லாத திரையில் புதிதாக ஒரு வரி. தங்கையன் என்று டிரைவர் பெயர் எழுத்தெழுத்தாக விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் முதல் எடை.

வண்டி எடை இல்லை அது. ஓர் ஆள் எடை.