மிஸ்டு கால் போகாத பகல்

யுதெல்கா மிஸ்டு கால்தான் கொடுத்தாள். முதல் மணி அடங்குவதற்குள் வீட்டில் யாரோ எடுத்துவிட்டார்கள்.

எடுக்கக் கூடாது என்பதுதான் அவளுக்கும் மகள் நயேலிக்கும் ஏற்பாடு. மணி அடித்தால் அம்மா நலம், அவ்வளவுதான். புயல் வந்தாலே புவெர்ட்டோ பிளாட்டா ஆஸ்பத்திரியின் கணினிகளோடு மாரடிக்கப் போய்விடுகிறவள், பிள்ளைக்கு வேறு என்ன ஆறுதல் அனுப்ப முடியும்? இந்த முறை டவர் சாய்ந்துவிட்டது. நேற்றுப் பகல் முழுக்க அந்த மணிகூடப் போகவில்லை.

மறுமுனையில் வெங்காயம் வதங்கியது. ஒரு மூச்சு. வைத்துவிட்டார்கள்.

"பக்கத்து வீட்டம்மாவா இருக்கும்," என்றான் கூட வேலை பார்க்கும் ராமிரோ. "நம்ம பெட்டிங்களைப் பாரு. புயலடிச்சது கூடத் தெரியாத மாதிரி இருக்கு."

ஆஸ்பத்திரியின் அந்த இரண்டு சர்வர் பெட்டிகளும் ஒன்றுக்கொன்று மணி அடித்துக்கொண்டே இருக்கும். மணி நின்றால் முதலாவது செத்தது என்று முடிவுகட்டி, இரண்டாவது அதன் பெயரையும் வேலையையும் எடுத்துக்கொள்ளும். நேற்று அப்படித்தான் மாறியது. ஒரு நோயாளிக்கும் தெரியவில்லை.

"முதலாவதுக்கு உசுரு வந்திருச்சே. பழையபடி உக்கார வெச்சிரலாமா?" என்று கேட்டாள் யுதெல்கா.

"வேணாம்மா. ரெண்டும் நாந்தான் நாந்தான்னு ஒரே கணக்கை எழுத ஆரம்பிச்சா எல்லாம் நாசம். திரும்பி வந்ததைத்தான் நிறுத்தணும்."

ராமிரோ நிறுத்தினான். அதன் விசிறி இழுத்து இழுத்து அடங்கியது.

மாலையில் வீட்டுக்கு நடந்தாள். சேறும் டீசலும் கலந்து நாறும் தெருவில் தகரக் கூரைகள் குப்புறக் கிடக்க, கடல் இன்னும் கோபம் தணியாமல் மதிலை அறைந்துகொண்டிருக்க, பக்கத்து வீட்டு மெர்சேதெஸ் ஆடுநாற்காலியில் உட்கார்ந்து ஈரப் பாயை உதறிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, இப்பத்தானே உள்ள போன? நேத்து சாயங்காலமே நீ வந்து சேர்ந்ததுல எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா."

யுதெல்கா தன் வீட்டுக் கதவுக்கு ஓடினாள். சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள்.

ஜன்னல் பலகைகளின் இடுக்கில் பார்த்தாள். நயேலி மசித்த வாழைக்காயைத் தின்றுகொண்டிருந்தாள். பின்னால் இரண்டு கைகள் அவளுக்குச் சடை பின்னின. வலது மணிக்கட்டில் தீக்காயம். யுதெல்கா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அதே காயம்.

நயேலி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. பயத்தைவிட அதுதான் அவளை அறுத்தது.

"நயேலி."

"அம்மா, வெளியில யாரோ உன்ன மாதிரியே கூப்பிடுறாங்க."

"தெரியும் கண்ணு. நீ சாப்பிடு."

தாழ்ப்பாள் நகர்ந்தது. வெளியே வந்தவள் தன் பின்னால் கதவை மெல்லச் சாத்தினாள். பகை இல்லாத முகம். களைத்த முகம். யுதெல்காவின் முகம்.

"புள்ளைக்குத் தெரிய வேணாம்," என்றாள். "நீ சத்தம் போட மாட்ட. எனக்குத் தெரியும்."

உண்மை. ஒரு பிள்ளைக்கு இரண்டு அம்மா கூடாது. வெங்காய வாசமடிக்கும் கை அவள் மூக்கையும் வாயையும் பொத்தியது. இதமாக. இறுக்கமாக.

"அம்மா, இன்னும் கொஞ்சம் வெங்காயம்."

"இதோ வரேன்டா," என்றது யுதெல்காவின் குரல். யுதெல்காவின் வாய் பொத்தியே இருந்தது.