சிறிய எண் முதலில்

"எங்க வீட்டு மானம் போச்சு," என்றார் பெரியவர் துப்பறிவாளரிடம், நாற்காலியில் நிமிர்ந்தபடியே. குரலில் கோபம்கூட இல்லை. "மருமகதான் கருவியைக் கெடுத்திருக்கா. நீங்க உறுதி பண்ணிட்டா, இன்னிக்கே வெளியே அனுப்பிடுவேன்."

குறைமாதக் குழந்தைகளை வைக்கும் வெப்பப்பெட்டி அது. அதன் இயங்குதளத்தின் மைய நிரலான கர்னலை எழுதியவள் மருமகள். இறுதிச் சோதனையில் அது உறைந்துவிட்டது.

பட்டறைத் திரையில் கடிகாரம் 11:07-இல் நின்றிருந்தது. கருவியின் விசிறி மட்டும் ஓடியது. சுவரில் பெரியவர் கையெழுத்தில் ஒரு பலகை: 'முதலில் தன்னுடையது. பிறகே அடுத்தவருடையது.'

"கரண்ட் இருக்கு. அப்போ நாசவேலைதான் சார்!" என்றாள் துப்பறிவாளரின் உதவியாளர்.

"செத்துப்போச்சா, காத்துக்கிட்டிருக்கான்னு முதல்ல பாரும்மா," என்றார் துப்பறிவாளர்.

உள்ளே இரண்டு பிராசஸர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை வரிசை, வரிசைக்கு ஒரு பூட்டு; பூட்டைப் பிடித்த பிராசஸர் மட்டுமே அந்த வரிசையைத் தொடலாம். ஒரு வேலையை இங்கிருந்து அங்கே மாற்ற இரண்டு பூட்டுகளும் வேண்டும். முதல் பிராசஸர் தன் பூட்டைப் பிடித்தபடி இரண்டாவதன் பூட்டுக்குக் காத்திருந்தது. இரண்டாவது, தன்னுடையதைப் பிடித்தபடி முதலாவதன் பூட்டுக்கு.

"ரெண்டு சம்பந்தியும் ஆளுக்கொரு சாவியை மடியில முடிஞ்சுக்கிட்டு, அடுத்தவர் சாவியைக் கேட்ட கதை," என்றாள் உதவியாளர்.

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. எல்லோரையும் அழைத்தார். மகன் தரையைப் பார்த்தான். மருமகள் எதையும் பார்க்கவில்லை.

"எந்த பிராசஸர் வேலையை மாத்தினாலும் சின்ன எண் வரிசையோட பூட்டைத்தான் முதல்ல பிடிக்கணும். அப்போ ரெண்டும் ஒரே பூட்டுக்குத்தான் முதல்ல வரும், சிக்கவே சிக்காது. உங்க மருமக முதல்ல அப்படித்தான் எழுதியிருக்காங்க. போன வாரம் அது 'தன் பூட்டே முதலில்'னு மாறியிருக்கு," என்றார் துப்பறிவாளர்.

"அவ பேர்லதானே மாறியிருக்கு?" என்றார் பெரியவர்.

"ஆமா. ஆனா பழைய வரியை அழிக்காம, பக்கத்துலயே முடக்கி வெச்சிருக்காங்க. கெடுக்க நினைக்கிறவ மருந்தைப் பக்கத்துல வெச்சுட்டுப் போவாளா? புது வரியோட வாசகம் உங்க பலகையில இருக்கு ஐயா."

பெரியவர் பலகையைப் பார்த்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா சொல்லலை?"

"நீங்க மாத்தச் சொன்னதுன்னு உங்க பேரை எப்படி மாமா இழுக்கறது?"

பெரியவர் எழுந்தார். முதுகு வளையாமல் நடந்துபோய்ப் பலகையைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார்.

"பழைய வரியைப் போடும்மா. தப்பு யாருதுன்னு குறிப்புல எழுதணுமில்ல? என் பேரை எழுது."

அவள் எழுதினாள். கருவியை மறுபடி இயக்கினாள். கடிகாரம் ஓடத் தொடங்கியது.