சூரி மாமாவின் பலகை

ஷாஹுல் பாயின் நீல வண்டியின் பின்சக்கரத்தில் யாரோ சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சக்கரம் சின்னது. சங்கிலியோ யானையைக் கட்டும் அளவுக்குப் பெரியது.

எல்லாம் பத்து நிமிடத்துக்குள் நடந்துவிட்டது. அன்று சனிக்கிழமை. வீட்டு வாசலில் வண்டி நிறுத்த இடம் இல்லை. அதனால் ஷாஹுல் பாய் நாலு கட்டடம் தள்ளி, புதுக் கட்டடத்தின் மதிலோரம் நிறுத்தினார். அவரும் அவர் மகள் இன்ஷாவும் அரிசி மூட்டையை மூன்றாம் மாடியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அதற்குள் சங்கிலி வந்துவிட்டது.

கேட்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் காவலாளி கோ டுன் உட்கார்ந்திருந்தார்.

"இது தனியார் இடம். ஐயாயிரம் கியாட் கட்டினால் சங்கிலியை எடுப்பேன்," என்றார்.

"தனியார் இடம்னு எங்க போட்டிருக்கு?" என்று ஷாஹுல் பாய் கேட்டார்.

"சுவரில் பலகை இருக்கு. தினமும் வேலைக்கு வரும்போது பார்க்கிறேன்."

வாப்பாவும் மகளும் அந்த நீளமான சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இரண்டு தடவை நடந்து பார்த்தார்கள். கேட்டை ஒட்டி உதயசூரியனின் வெற்றிலைக் கடை இருந்தது. ஒரு பெட்டி அளவுக் கடைதான். அதற்கு அப்புறம் வெறும் சுவர், ஒரு மின்கம்பம், தூங்குகிற ஒரு நாய். பலகை எங்கேயும் இல்லை.

"சூரி, இங்க எங்கயாச்சும் பலகை இருக்கா?" என்று ஷாஹுல் பாய் கேட்டார்.

தெருவே சூரி என்று கூப்பிடும் உதயசூரியன் தலையை நிமிர்த்தவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "யாவாரத்தைப் பார்க்கவே நேரம் பத்தல பாய்," என்றார். அப்போது கடையில் ஒரு ஆள்கூட இல்லை.

ஷாஹுல் பாயின் வண்டி ஃபெரி வண்டி. யாங்கோனில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்கு அதுதான் பெயர். காலையில் ஏழு பிள்ளைகள், மாலையில் அதே ஏழு பிள்ளைகள். அந்த வண்டியில்தான் அவர் குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது.

கட்டிவிடலாம் என்றால் கையில் காசு இல்லை. அந்த மாதம் மிச்சமிருந்தது எல்லாம் அரிசி மூட்டையாக மாடிக்குப் போய்விட்டது.

தெருமுனையில் ஒரு அம்மா மேசை மேல் போன் வைத்துக் காசுக்குப் பேச விடுவார். ஷாஹுல் பாய் அங்கே போய், ஏழு வீட்டில் மூன்று வீட்டுக்குப் பேசினார். மூன்று வீட்டிலும் மரியாதையாக ஒரே பதிலைச் சொன்னார்கள். திங்கட்கிழமை நீல வண்டி வராவிட்டால், அடுத்த தெருவின் வெள்ளை வண்டியில் பிள்ளையைச் சேர்த்துவிடுவார்களாம்.

"வெள்ளை வண்டியில சேர்ந்துட்டா திரும்பி வரமாட்டாக," என்றார் வாப்பா. "அதுல மின்விசிறி இருக்கு."

மாலையில் இருவரும் கட்டடத்தின் சொந்தக்காரர் ஊ சான் லுவினைப் பார்க்கப் போனார்கள். கோபம் வந்தால் வாப்பாவுக்குப் பர்மா பேச்சு பாதி மறந்துவிடும். மறந்த பாதியைச் சொல்வதற்காகத்தான் இன்ஷா கூடப் போனாள். ஆறாம் வகுப்பில் அவளுக்குப் பர்மா மொழியில் நல்ல மதிப்பெண்.

ஊ சான் லுவின் கோபக்காரர் இல்லை. சிக்கலே அதுதான். வெறும் தேநீர் ஊற்றிக் கொடுத்து, பொறுமையாகப் பேசினார்.

"பலகை வைத்து இரண்டு மாதம் ஆகிறது. தினமும் விடியற்காலையில் நடந்து பகோடாவுக்குப் போகிறேன். போகும்போது என் கண்ணால் பார்க்கிறேன். நீங்கள் நாலாவது ஆள். நாலு பேரும் பலகையே இல்லை என்கிறீர்கள். ஒருத்தராவது உண்மை சொல்லக்கூடாதா?"

வாப்பாவின் முகம் சிவந்தது. "பொய் சொல்ற பழக்கம் எங்களுக்கு இல்ல," என்று தமிழில் சொன்னார். இன்ஷா அதைக் கொஞ்சம் மெதுவாக்கி பர்மாவில் சொன்னாள்.

வெளியே வந்ததும் வாப்பா, "அந்த ஆள் பொய் சொல்றாரு," என்றார்.

இன்ஷாவுக்கு அப்படித் தோன்றவில்லை. பொய் சொல்கிறவர் இரண்டாவது கோப்பை தேநீர் ஊற்றுவாரா? ஆனால் இல்லாத பலகையை அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதும் அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இன்ஷாவின் வீட்டில் காலைப் பசிக்கு நான் ரொட்டியும் அவித்த பட்டாணியும்தான். அதற்காக யாரும் மாடியிலிருந்து இறங்குவதில்லை. பட்டாணிக்காரி குரல் கொடுத்ததும், கயிற்றில் பையைக் கட்டி பால்கனியிலிருந்து இறக்கினால் போதும். அந்தத் தெருவில் எல்லா மாடியும் அப்படித்தான்.

அன்றைக்குக் கயிற்றைக் காணோம்.

"அரிசி மூட்டையைக் கட்டக் கொண்டுபோனோம்ல, வண்டிக்குள்ள கிடக்கும்," என்றார் வாப்பா. அவர் இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்திருந்தார்.

"காசும் போச்சு, கயிறும் போச்சா?" என்றார் உம்மா லத்தீபா. "நீ போய் எடுத்துட்டு வா இன்ஷா. அந்தச் சங்கிலியைப் பார்த்தா உங்க வாப்பாவுக்குத் திரும்பவும் தலைவலி வந்துரும்."

இன்ஷா மூன்று மாடி இறங்கி, நாலு கட்டடம் நடந்தாள். விடிந்தும் விடியாத நேரம். கயிற்றை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சுவரில் பலகை இருந்தது. மூடிக் கிடந்த வெற்றிலைக் கடைக்கு நேர் மேலே, கறுப்புப் பர்மா எழுத்தில், தெள்ளத் தெளிவாக இருந்தது. 'தனியார் இடம். வேறு வண்டிகளை நிறுத்தினால் சங்கிலி போடப்படும்.'

இன்ஷா கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். பலகை அங்கேயேதான் இருந்தது.

டாலாவிலிருந்து முதல் படகில் ஆற்றைக் கடந்து, சூரி மாமா கடை திறக்க வந்தார். அவளைப் பார்த்ததும் அவர் நடை மெதுவானது.

"என்னம்மா, காலங்காத்தால?"

"கயிறு எடுக்க வந்தேன் மாமா. நீங்க கடையைத் திறங்க."

சூரி மாமா தயங்கினார். பிறகு பூட்டைத் திறந்து, கடையின் முன்கதவை இரண்டு கையாலும் மேலே தூக்கி, சுவரில் இருந்த கொக்கியில் மாட்டினார். கதவு போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. கதவின் உட்பக்கம் தெருவைப் பார்த்தது. அதில் கதவையே மறைக்கும் அளவுக்கு, ஒரு நடிகையின் படம் போட்ட பெரிய காலண்டர் தொங்கியது.

பலகையைக் காணோம்.

"மாமா, பலகை உங்க கதவுக்குப் பின்னாடிதான் இருக்கு."

சூரி மாமா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கே நேத்துதான் உறைச்சுதும்மா. உங்க வாப்பா சுவரையே சுத்திச் சுத்தி வந்தப்ப."

"இத்தனை நாளா நீங்க படிக்கலையா?"

"எனக்குக் காரா இருக்கு? கார்க்காரனுக்கு எழுதின பலகையை நான் ஏன் படிக்கணும்?"

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்துச் சொன்னதில் அவர் குரல் இறங்கிவிட்டது.

"பன்னெண்டு வருஷமா இங்க கடை வச்சிருக்கேன். இது கட்டடக்காரரு இடம். போனாப் போகுதுன்னு விட்டு வச்சிருக்காரு. என் கதவாலதான் இவ்வளவு தகராறுன்னு தெரிஞ்சா, கடையைத் தூக்குன்னு ஒரு வார்த்தைதான் சொல்லுவாரு. நான் எங்க போவேன்? அதான் நேத்து வாயைத் திறக்கல. உங்க வாப்பாவுக்குச் செஞ்சது தப்புதான். ராத்திரி சோறு இறங்கல."

இன்ஷாவுக்கு அவர் மேல் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வதென்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் வாப்பா விஷயத்தைக் கேட்டதும் சட்டையை மாட்டினார். "இப்பவே போய் அந்த ஆளைக் கையோட கூட்டிட்டு வந்து காட்டறேன்."

"சூரி மாமா கடை போயிரும் வாப்பா."

வாப்பா ஒரு கை மாட்டியும் ஒரு கை மாட்டாமலும் நின்றார். சூரியை அவருக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"சங்கிலி எடுக்கலைன்னா நம்ம வண்டி போயிரும். எடுத்தா அவன் கடை போயிரும். என்னதாம்மா பண்றது?"

"நாளைக் காலையில ஏழு மணி வரைக்கும் பொறுங்க வாப்பா. எனக்குக் கொஞ்சம் சாக்பீஸ் வேணும்."

"சாக்பீஸா?"

"நாலு துண்டு போதும்."

திங்கட்கிழமை விடியும்போது மூன்று பேர் சுவரோரம் நின்றார்கள். வாப்பா, இன்ஷா, சூரி மாமா. சூரி மாமா குளித்து, நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசி வந்திருந்தார்.

ஊ சான் லுவின் கையில் பூவோடு நடந்து வந்தார். ஷாஹுல் பாயைப் பார்த்ததும் நின்று, மூடிக் கிடந்த கடைக்கு மேலே கை நீட்டினார்.

"இதோ பாருங்கள். இருக்கிறதா, இல்லையா?"

"இருக்கு," என்றார் ஷாஹுல் பாய்.

அவர் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று ஊ சான் லுவின் எதிர்பார்க்கவில்லை. பூவைக் கை மாற்றினார்.

"ஊலே," என்று இன்ஷா கூப்பிட்டாள். பர்மாவில் மாமாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஒரு நிமிஷம் இங்கேயே நில்லுங்க. சூரி மாமா, கடையைத் திறங்க."

சூரி மாமா கதவைத் தூக்கினார். ஒரு தடவை நழுவியது. இரண்டாம் தடவை கொக்கியில் மாட்டிவிட்டார்.

பலகை மறைந்தது. காலண்டர் நடிகை சிரித்தாள்.

ஊ சான் லுவின் கதவைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு மறுபடியும் கதவைப் பார்த்தார்.

"இது எத்தனை மணிக்குத் திறக்கும்?"

"ஆறு மணிக்கு, ஊலே. ராத்திரி ஒன்பது மணிக்கு மூடும். நீங்க அதுக்கு முன்னாடியே நடந்து போயிடுவீங்க. கோ டுன் விடியறதுக்குள்ள வந்து உள்ளே உட்கார்ந்துடுவார். அதனால உங்க ரெண்டு பேருக்கும் பலகை தெரியுது. வண்டி நிறுத்துறவங்க பகல்ல வர்றாங்க. அவங்களுக்குத் தெரியல."

"நாலு பேரையும் பொய்க்காரர்கள் என்று நினைத்துவிட்டேன்," என்றார் ஊ சான் லுவின் மெதுவாக.

"நாங்களும் உங்களை அப்படித்தான் நினைச்சோம், ஊலே."

வாப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது.

ஊ சான் லுவின் சூரி மாமா பக்கம் திரும்பினார். "அப்படியென்றால் இந்தக் கடையை இங்கிருந்து..."

"இன்னும் ஒரு நிமிஷம், ஊலே," என்றாள் இன்ஷா. முக்காலி மேல் ஏறி, காலண்டரைக் கழற்றினாள்.

கதவின் உட்பக்கம் முழுவதும் வெள்ளைச் சாக்பீஸ் எழுத்து. சுவரில் இருந்த அதே வாசகம். ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே முக்காலி மேல் நின்று, கை வலிக்க வலிக்க அவள் எழுதியது.

"கடை மூடியிருந்தா சுவர்ப் பலகை தெரியும். திறந்திருந்தா கதவுப் பலகை தெரியும். சூரி மாமா நாள் பூரா இங்கதான் இருக்கார். படிக்காம நிறுத்துறவங்களுக்கு அவர் வாயாலயே சொல்லுவார். கடை இங்கேயே இருந்தாதான் உங்களுக்கு நல்லது, ஊலே."

ஊ சான் லுவின் வாசகத்தை இரண்டு தடவை படித்தார்.

"தமீ," என்றார். பர்மாவில் அதற்கு மகளே என்று அர்த்தம். "என் பலகைக்காரன் எழுத்தைவிட உன் எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் மழை வந்தால் அழிந்துவிடும். பெயின்ட் நான் வாங்கித் தருகிறேன்."

"அப்போ கடை?" என்று சூரி மாமா கேட்டார்.

"கடை இல்லாவிட்டால் கதவுக்கு நான் எங்கே போவது?"

சூரி மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று சொன்னார். அந்தக் குளிர்ந்த காலையில் வேறு யாருக்கும் வியர்க்கவில்லை.

ஊ சான் லுவின் கேட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். "கோ டுன், சங்கிலியை எடு. முன்பு கட்டிய மூன்று பேர் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடு."

சங்கிலி போடத்தான் சுலபமாக இருந்தது போலும். எடுப்பதற்குக் கோ டுன் கால் மணி நேரம் பூட்டோடு மல்லுக்கட்டினார். கடைசியில் சங்கிலி கழன்று விழுந்த சத்தத்தில், மின்கம்பத்தடியில் தூங்கிய நாய்கூட எழுந்துவிட்டது. அன்றைக்கு ஏழு பிள்ளைகளும் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த வாரம் பெயின்ட் வந்தது. இன்ஷாதான் எழுதினாள். காலண்டருக்குக் கடைக்குள் வேறு இடம் கிடைத்தது.

பெயின்ட் காய்ந்த மறுநாள், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் ஷாஹுல் பாய் வண்டியைக் கடைக்கு முன்னால் நிறுத்தினார். இறங்கி வந்து, "சூரி, நல்லதா ரெண்டு வெத்தலை மடிச்சுக் குடு," என்றார்.

சூரி மாமா வெற்றிலையைத் தொடவில்லை. தலைக்கு மேலே இருந்த எழுத்தைக் கட்டை விரலால் காட்டினார்.

"என் பலகையைப் படிச்சீங்களா பாய்? மொதல்ல வண்டிய எடுங்க."