பாதி பென்சில்

சமையலறைக் கதவை உடைத்தபோது காலை எட்டேகால். உள்ளே தாழ் போட்டிருந்தது. ஜன்னலும் இறுக்கிச் சாத்தியிருந்தது. தம்பி அடுப்படியில் ஒருக்களித்துக் கிடந்தான். அவன் செல்போன் தண்ணீர் வாளிக்குள் கிடந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே பெரிய பாத்திரம், தண்ணீர் சுண்டிப்போய், அடியில் கருகிய கல் ஒன்று. அக்கா முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகுதான் கத்தினாள்.

"டேய்! டேய் தம்பி! கண்ணைத் திறடா!"

கதவை உடைக்கத் தோள் கொடுத்த மேல்வீட்டுக்காரரும் அவளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவனைக் கூடத்துக்கு இழுத்தார்கள். மூச்சு இருந்தது, பேருக்கு. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஒரு தடவை கண் திறந்து, "வாயெல்லாம் இரும்பு, அக்கா" என்றான். அப்புறம் பேசவில்லை.

அவள் வாயிலும் அதே இரும்பு இருந்தது. பதற்றத்தில் நாக்கைக் கடித்துவிட்டோம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயதுக்காரர். சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"காலையில என்ன சாப்பிட்டார்?"

"ஒண்ணுமே சாப்பிடல டாக்டர்."

"வீட்டுல பூச்சி மருந்து?"

"கிடையாது."

"நுரையீரல் வீங்குதும்மா. இதயத் துடிப்பு தாறுமாறா இருக்கு. பூச்சி மருந்தா இருக்கும்னுதான் ட்ரீட்மென்ட் போயிட்டிருக்கு. அது இல்லன்னா, நாங்க கொடுக்கிற மருந்தே இதயத்தைப் படுத்திடும். என்ன விஷம்னு தெரியாம கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டறோம். சாயங்காலத்துக்குள்ள தெரியணும்."

அந்த நேரம் பார்த்துத் தம்பி மனைவியின் அழைப்பு. ஏழு மாத வயிற்றோடு பிறந்த வீட்டில் இருப்பவள்.

"அண்ணி, அவர் ஏன் போனையே எடுக்க மாட்டேங்கிறார்?"

"சார்ஜ் இருக்காதும்மா. நான் சொல்றேன்" என்று அக்கா வைத்துவிட்டாள்.

பக்கத்தில் ஒருவர் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி நீட்டினார். அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்காவுக்குப் பகலில் பல் டாக்டரிடம் வரவேற்பு வேலை. மற்ற நேரமெல்லாம், வண்ணமீன் வளர்ப்பவர்களுக்காக அவளே கட்டி எழுப்பிய இணையக் குழுமம். மூவாயிரம் பேர். மாடரேட்டர் அவள் ஒருத்திதான். அங்கே 'பணிவன்' என்ற பெயரில் எழுதுபவர் இவர். ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கிறார். பேச்சில் தேன் ஒழுகும். 'யாரையும் புண்படுத்தும் சொல் கூடாது' என்ற முதல் விதியை எழுதிக் கொடுத்ததே அவர்தான். காலையில் ஆம்புலன்ஸில் போகும்போது அக்கா அழுதுகொண்டே கூப்பிட்டதும் அவரைத்தான். மனுஷர் அடித்துப் பிடித்து ஓடி வந்திருந்தார்.

"தைரியமா இருங்கம்மா. கடவுள் கைவிட மாட்டார்."

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கூட வந்த ஏட்டு சமையலறையைச் சோதித்துவிட்டு நேரே இங்கே வந்திருந்தார். இருமிக்கொண்டே இருந்தார்.

"கேஸ் கசியல. சாப்பாடு இல்ல. வெளியாள் வந்த தடயமும் இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தக் கல்லு எதுக்கும்மா?"

"மீன் தொட்டிக்கு சார். புதுசா கல்லு வாங்கினா கொதிக்க வெச்சுத்தான் போடுவோம். அழுக்கு, கிருமி எல்லாம் போயிடும். நானே நூறு தடவை செஞ்சிருக்கேன்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. அப்ப கல்லை விடுங்க. அவருக்கு விரோதி யாராவது?"

"சேச்சே. எறும்பை மிதிச்சாக்கூட வருத்தப்படறவன் சார்."

பணிவன் தொண்டையைக் கனைத்தார். "இப்பப் போய் சொல்லலாமான்னு தெரியல… அந்தக் கொடுக்கு விஷயம்…"

அக்கா செல்போனில் காலையில் வந்த ஒரு படத்தைத் திறந்து நீட்டினாள். 'கொடுக்கு' என்பது குழுமத்தில் ஒருவர் தமக்கே வைத்துக்கொண்ட பெயர். பெயருக்கேற்ற வாய். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர். யார் என்ன கேட்டாலும் வசவில்தான் தொடங்குவார். அவர் மேல் புகார் வராத வாரம் கிடையாது. தம்பிக்குக் கடல்நீர்த் தொட்டி புதிது. கல்லில் பொத்தான் பொத்தானாக ஏதோ பவளம் பரவுகிறது, எப்படி எடுப்பது என்று முந்தின இரவு கேட்டிருந்தான். காலை ஆறரைக்குப் பணிவன் இந்தப் படத்தோடு புகார் அனுப்பினார். படத்தில் கொடுக்கின் பதிவு.

'மடையா! சாவுதான் உனக்கு. உனக்கு மட்டும் இல்ல, வீட்டோட…'

நீளமான பதிவுகள் இப்படித்தான் பாதியில் மடங்கி, கீழே 'மேலும்' என்று ஒரு பொத்தானோடு நிற்கும். அக்கா தளத்துக்குப் போனாள். அந்த முதல் வரியைப் பார்த்ததும் ரத்தம் கொதித்தது. மேலே கீழே வேறெதையும் பார்க்கவில்லை. கொடுக்கை வெளியேற்றி, அவர் எழுதிய அத்தனையையும் அழிக்கும் பொத்தானை அழுத்திவிட்டுப் பல் தேய்க்கப் போனாள். அழித்தால் அழித்ததுதான், திரும்ப எடுக்க முடியாது.

"கொலை மிரட்டல்! ஒன்றரை மணி நேரத்துல ஆள் விழுந்துட்டார்!" இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். "பேரு, நம்பர் இருக்கா?"

கணக்குத் தொடங்கும்போது கொடுத்த நம்பர் இருந்தது. கொடுத்தாள். சாவட்டும், ஜெயிலில் கிடந்து சாவட்டும் என்று வாய்விட்டே சொன்னாள். பணிவன் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

மதியம். சும்மா உட்கார முடியாமல் குழுமத்தில் எழுதினாள். 'என் தம்பி சாகக் கிடக்கிறான். யாருக்காவது ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.' அவசரத்தில் எழுத்தெல்லாம் குளறியிருந்தது. பதிவின் கீழ்மூலையில் இருந்த சின்னப் பென்சிலை அழுத்தித் திருத்தினாள். தான் எழுதியதைத் திருத்திக்கொள்ள அவரவருக்கு மட்டும் தெரிகிற பென்சில் அது. பதில்கள் வந்தன. அவள் பதிவுக்குக் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒன்றன்பின் ஒன்றாக. 'பிரார்த்திக்கிறோம் அக்கா.' 'மனம் தளராதீர்கள்.' அத்தனை பேரும் மரியாதையானவர்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார்.

"பிடிச்சாச்சு. காலேஜ்ல கணக்கு வாத்தியாராம், சொன்னா நம்புவீங்களா? வாயைத் திறந்தா சாக்கடை. என்னையே முட்டாள்ங்கிறான். 'கல்லு எங்க, கல்லை எவன் தொட்டான்'னு ஒரே கத்தல். போனைப் பிடுங்கி மூலையில உக்கார வெச்சிருக்கேன்."

"சார், கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்றார் ஏட்டு. கண் சிவந்திருந்தது. "காலையிலேர்ந்து துருப்பிடிச்ச ஆணியைச் சப்பின மாதிரி இருக்கு வாயி."

"சிகரெட்டைக் குறையும்யா."

அக்கா நிமிர்ந்தாள். வாயெல்லாம் இரும்பு. தம்பிக்கு. அவளுக்கு. இப்போது ஏட்டுக்கு. மூவரும் அந்தச் சமையலறைக்குள் போனவர்கள். அங்கே போகாத கொடுக்கு ஸ்டேஷனில் கல்லைப் பற்றிக் கத்துகிறார். கொலை செய்தவன் எதற்குக் கல்லைக் கேட்கிறான்?

அந்தப் படத்தை மறுபடி திறந்தாள். காலையிலிருந்து பத்துத் தடவை பார்த்த படம். இப்போதுதான் எழுத்தை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள். தளத்துக்குப் போய்த் தம்பி கேட்ட கேள்வியின் கீழே தேடினாள். அடப்பாவி என்று வாய் தானாகச் சொன்னது.

"இன்ஸ்பெக்டர் சார், இங்க பாருங்க. கொடுக்கோட எழுத்து ஓரத்துலேர்ந்து உள்ள தள்ளி இருக்கு. என் தம்பி கேட்ட கேள்விக்கு நேரடியா எழுதியிருந்தா ஓரத்தோட நிக்கும். உள்ள தள்ளினா, வேற யாரோ சொன்ன பதிலுக்கு இவர் பதில் சொல்றார்னு அர்த்தம். மடையான்னு திட்டினது என் தம்பியை இல்ல."

"வேற யாரு?"

"அந்தப் பதில் இப்ப தளத்துல இல்ல. நான் அதை அழிக்கல. என்னை விட்டா, எழுதின ஆளுதான் அழிக்க முடியும்."

"அது யாருன்னு எப்படித் தெரியும்?"

"படத்தோட மேல் விளிம்பு. வெட்டும்போது சரியா வெட்டல. சின்னதா ஒரு பென்சில், கீழ்ப்பாதி மட்டும் தெரியுது பாருங்க. எழுதினவங்களுக்கு மட்டும்தான் அந்தப் பென்சில் தெரியும். அப்ப மேல எழுதினவரும், இந்தப் படத்தை எடுத்தவரும் ஒரே ஆள்."

பணிவன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"என்னய்யா எழுதினீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"அம்மா… நான் நல்லதுதான்…"

"என்ன எழுதினீங்க!"

"கல்லைக் கொதிக்க வெச்சா பொத்தான் பவளம் செத்துடும்னு. நாத்தம் வரும், அக்காவும் மேல்வீட்டுக்காரரும் சங்கடப்படுவாங்க, கதவு ஜன்னலைச் சாத்திக்கோங்க தம்பின்னு. நாம எல்லாரும் செய்றதுதானேம்மா? அந்த ஆள் மூவாயிரம் பேர் முன்னாடி மடையாங்கிறான். நான் அதுக்கு மேல படிக்கவே இல்ல. நீங்க போன்ல அழுததும் பயந்துட்டேன். அழிச்சுட்டேன்."

"அழிச்சுட்டு, ஆறு மணி நேரமா பக்கத்துலயே உக்காந்து எனக்குக் காபி ஊத்திக் கொடுத்தீங்களே! டாக்டர் என்ன விஷம்னு கேட்டுக் கேட்டு அலையறாரே, வாயைத் திறந்தீங்களா? நீங்கெல்லாம் மனுஷனா?"

நடைக்கூடமே திரும்பிப் பார்த்தது. அவளுடைய முதல் விதி அந்த நிமிஷம் காற்றில் போனது. இன்ஸ்பெக்டர் பணிவனின் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, ஸ்டேஷனைக் கூப்பிட்டு, அக்காவிடம் போனைக் கொடுத்தார். மறுமுனையில் கொடுக்கு. எடுத்த எடுப்பில் வசவுதான் வந்தது.

"மரமண்டைகளா! இப்பவாவது கேக்கத் தோணுச்சா?"

"திட்டுங்க சார், அப்புறமா எவ்வளவு வேணா திட்டுங்க. என்ன விஷம்னு சொல்லுங்க."

குரல் சட்டென்று மாறியது. "ஆத்துக் கல்லைக் கொதிக்க வைக்கலாம். இது கடல் கல்லு. அந்தப் பொத்தான் பவளத்துலயே விஷம் இருக்கும்மா. கொதிச்சா ஆவியில ஏறி மூச்சுல போகும். வாயில இரும்பு ருசி, நெஞ்சடைப்பு. முறிவு மருந்துன்னு தனியா கிடையாது. இதயத்தையும் நுரையீரலையும் தாங்கிப் பிடிக்கணும். அந்த ரூமுக்குள்ள போன அத்தனை பேரையும் டாக்டர்கிட்ட காட்டுங்க. பாத்திரத்தை எவனும் தொடாதீங்க."

சத்தம் கேட்டு வந்திருந்த டாக்டர், ஸ்பீக்கரில் அதைக் கேட்டுவிட்டு ஓடினார். போய்க்கொண்டிருந்த மருந்து நின்றது. மேல்வீட்டுக்காரரையும் வரவழைத்து, ஏட்டு, அக்கா என்று மூவரையும் ஆளுக்கொரு கட்டிலில் படுக்க வைத்தார்கள். பணிவன் போலீஸ் ஜீப்பில் ஏறும்போதுகூட எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார்.

ஆறு மணிக்கு ஒரு மனிதர் வந்து அக்காவின் கட்டிலருகே நின்றார். கசங்கிய சட்டை, தடிமனான கண்ணாடி. யாரென்று சொல்லத் தேவையிருக்கவில்லை.

"என் பதிவை முழுசாப் படிச்சீங்களா?" என்றார் கொடுக்கு.

"இல்ல சார்."

"பதினாலு வரி. விஷத்தோட பேரு, என்ன செய்யணும், கல்லை எப்படி எடுத்துத் தூர வீசணும், எல்லாம் எழுதியிருந்தேன். 'மேலும்'னு ஒரு பட்டன் வெச்சிருக்கீங்களே, எதுக்கும்மா அது?"

அக்கா அழுதாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நானும் 'கல்லு'ன்னு ஆரம்பிச்சிருக்கணும்" என்றார். "'மடையா'ன்னு ஆரம்பிச்சேன். பழக்கம்."

டாக்டர் எட்டிப் பார்த்தார். துடிப்பு கொஞ்சம் சீராகியிருக்கிறது, மூச்சு விடப் போட்ட குழாயை இன்னும் எடுக்கவில்லை, இன்றைய ராத்திரியைத் தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். அவர் போனதும் அக்காவின் செல்போன் அடித்தது. தம்பி மனைவி. பதினோராவது தடவை.

"அண்ணி, இப்பவும் சார்ஜ் இல்லன்னு சொல்லாதீங்க. என்ன ஆச்சு?"

அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"உண்மையைச் சொல்றேம்மா. அம்மாவைப் பக்கத்துல கூப்பிட்டு உக்கார வெச்சுக்கோ. கடைசி வரைக்கும் கேளு. நடுவுல வெச்சிடாதே."